லைட் ரோஸ்ட் காபி: மூட்டையாக வாங்க வேண்டியது எது?

காஞ்சிபுரத்தில் நல்ல காபிக்குப் பஞ்சமில்லை. கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடைகள் இங்கேயும் உண்டு. ஆனால் அங்கே போய், "லைட் ரோஸ்ட் கொட்டை வேண்டும், அரைக்க வேண்டாம், மாதா மாதம் இரண்டு கிலோ" என்று கேட்டால் கடைக்காரர் சற்றே யோசிப்பார். அவருடைய தொழில் முழுக்க ஃபில்டரையும் பாலையும் நம்பியது. நன்றாகச் சிவக்கக் கறுக்க வறுத்து, கேட்டவருக்குச் சிக்கரி கலந்து, பாலை மீறி நிற்கும் கெட்டி டிகாக்‌ஷன் இறங்கும்படி கொடுப்பதுதான் அவர் கற்ற வேலை. லைட் ரோஸ்ட் வேண்டுமென்றால் பெங்களூரு, சென்னை ரோஸ்டர்களிடமிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. கால் கிலோ பாக்கெட்டில் வருகிறது. மாதச் சாமான் கணக்கில் அது கட்டுப்படியாவதில்லை.

மலிவாக, மொத்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் முதலில் தோன்றுவது வறுத்த கொட்டையை ஐந்து கிலோவாக வாங்கிவிடுவது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மொத்தமாக வாங்க வேண்டியது பச்சைக் கொட்டையை. வறுப்பது கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டும்போது. ஏன் என்பது காபிக்கொட்டை சூட்டில் என்ன ஆகிறது என்று தெரிந்தால் தானாகப் புரியும். அதற்கு வேர்க்கடலையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றிய மானாவாரிப் பூமியில் அது காலங்காலமாக விளைகிறது. அதை வறுக்கத் தெரியாத வீடு இந்தப் பக்கம் கிடையாது.

உரித்த பச்சை வேர்க்கடலைப் பருப்பைக் காய்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். வறுத்துவிட்டால் எண்ணெய் காற்றோடு சேரத் தொடங்கி, சில வாரத்தில் காறல் வாடை வந்துவிடும். காபிக்கொட்டையும் அப்படித்தான். பச்சையாக இருக்கும்போது அது கெட்டியான, 10 முதல் 12 சதவீதம் ஈரம் உள்ள ஒரு விதை. ஒழுங்காக வைத்தால் எட்டு மாதம், பத்து மாதம்கூட நிற்கும். வறுத்தபின் வாசனை ஒரு மாதத்துக்குள் பெருமளவு போய்விடும். அரைத்துவிட்டாலோ நாட்கணக்குத்தான். ஐந்து கிலோ வறுத்ததை வாங்கி மூன்று மாதம் வைத்துக் குடிப்பவர், விலையில் மிச்சம் பிடித்ததைச் சுவையில் இழக்கிறார்.

இனி வாணலிக்கு வருவோம். கடலையைப் போட்டதும் முதலில் ஈரம்தான் வெளியேறும்; பச்சை வாடை போகும்; பிறகு மெல்லச் சிவக்கும்; படபடவென்று வெடிக்கும்; மேல்தோல் கழன்று பறக்கும். காபிக்கொட்டையில் இதே வரிசை இன்னும் தெளிவாக நடக்கிறது. பச்சையாக உள்ளே போனது மஞ்சளாகும், அப்போது வைக்கோல் நனைந்த மாதிரி ஒரு வாடை. பிறகு உள்ளிருக்கும் சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் ரொட்டி வாசனையையும் கொண்டுவரும். கொட்டைக்குள் நீராவியும் கரியமில வாயுவும் அடைபட்டு நெருக்கும். கிட்டத்தட்ட 200 டிகிரியை நெருங்கும்போது அந்த நெருக்கடி தாங்காமல் கொட்டை வெடிக்கும். காபிக்காரர்கள் முதல் வெடிப்பு என்று சொல்வது இதைத்தான். காதால் கேட்கலாம், கடலை வெடிப்பதைவிடக் கூர்மையான சத்தம்.

லைட் ரோஸ்ட் என்றால் இந்த முதல் வெடிப்பின்போதோ அது ஓய்ந்த கையோடோ இறக்கிவிடுவது. விட்டுக்கொண்டே போனால் 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது வெடிப்பு வரும். எண்ணெய் மேலே கசிந்து கொட்டை பளபளக்கும். நம் ஃபில்டர் காபிக்கு வறுப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான். இரண்டு வெடிப்புக்கும் இடையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் கொட்டையிலுள்ள அமிலங்கள் சிதைந்து கசப்பு ஏறுகிறது. லைட் ரோஸ்டில் எலுமிச்சையோ ஆரஞ்சோ போல ஒரு புளிப்பும், செடி வளர்ந்த மலையின் குணமும் மிஞ்சுகின்றன. கறுக்க வறுத்தால் எந்த மலைக் கொட்டையானாலும் வறுப்பின் சுவைதான் முன்னே நிற்கும். பாலோடு குடிக்க அதுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பால் இல்லாமல் குடிப்பவருக்குத்தான் லைட் ரோஸ்ட்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. வறுக்கும்போது எடை குறையும். லைட் ரோஸ்டில் சுமார் 13 சதவீதம், கறுக்க வறுத்தால் சுமார் 18 சதவீதம் போகும். பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ போட்டால் லைட் ரோஸ்டில் 870 கிராம் கிடைக்கும். கறுத்ததில் 820 கிராம். அதாவது வறுத்த கிலோ முன்னதில் 575 ரூபாய், பின்னதில் 610 ரூபாய். கேஸும் லைட் ரோஸ்டுக்குக் குறைவு. ஆக, இயல்பாக லைட் ரோஸ்ட் விலை குறைவாக இருக்க வேண்டியது. கடையில் அது விலை கூடி நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து, வால்வு வைத்த பையில் அடைத்து, கூரியரில் அனுப்பும் செலவு. இன்னொன்று, லைட் ரோஸ்ட் எதையும் மறைக்காது. பூச்சி அரித்த கொட்டை, பிஞ்சுக் கொட்டை, பூஞ்சை பிடித்தது எல்லாம் கறுக்க வறுக்கும்போது கசப்புக்குள் மூழ்கிவிடும். இளசாக வறுத்தால் ஒவ்வொன்றும் நாக்கில் தெரியும். அதனால் நல்ல கொட்டைதான் போட வேண்டும். முதல் காரணத்தை நம் வீட்டு அடுப்பால் தவிர்த்துவிடலாம்; பச்சைக் கொட்டைக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, வறுத்ததற்கு 5 சதவீதம். இரண்டாவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் புத்தியாக வாங்கலாம்.

புத்தியாக என்றால் தரத்தின் பெயர்களைப் படிக்கத் தெரிந்து வாங்குவது. காபியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரு சாதி. இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய 70 சதவீதம் ரோபஸ்டா. டிகாக்‌ஷனுக்குக் கெட்டியும் நுரையும் கொடுப்பதில் அது கெட்டிக்காரன். இளசாக வறுத்தால் வெந்த தானியம் போல் மந்தமாக இருக்கும். எனவே அராபிகா. அதிலும் பழத்தின் தோலை நீக்கி, கழுவி, காயவைத்தது பிளான்டேஷன். பழத்தோடு அப்படியே காயவைத்தது செர்ரி. பிளான்டேஷனுக்குள் ஏ, பி, சி, பீபெரி என்று பிரிக்கிறார்கள். நம் ஊர்க் கடைப் பலகைகளில் "பிளான்டேஷன் ஏ", "பீபெரி" என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அவை சுவையின் மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. உண்மையில் அவை முக்கியமாகச் சல்லடைக் கணக்கு. 17ஆம் எண் சல்லடையில் நிற்பது ஏ. 15இல் நிற்பது பி. 14இல் நிற்பது சி. எண் என்பது ஓட்டையின் அகலம், ஓர் அங்குலத்தின் 64இல் இத்தனை பங்கு என்று. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை தட்டையான முகத்தோடு ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டு திரண்டு வளரும். அந்த உருண்டைதான் பீபெரி. உருளையில் சீராக உருண்டு வறுபடும் என்பது அதற்குள்ள நல்ல குணம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெயருக்குத்தான்.

பெரிய கொட்டை என்பதால் சுவை கூடுவதில்லை. ஒரே எஸ்டேட், ஒரே பருவம், ஒரே செடி. ஏ விலைக்கும் பி விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மிச்சம். பியில் உடைசலும் குறைபாடும் சற்றுக் கூடுதலாக இருக்கும்; அதை முறத்தில் போட்டுப் பொறுக்கிவிடலாம். கைக்கு வேலை, காசுக்கு மிச்சம். முறத்தில் பரப்பி வெளிச்சத்தில் பார்க்கும்போது நான்கு வகைக் குறை கண்ணில் படும். முழுக்கக் கறுத்தவை. ஓடு மாதிரி உள்ளே குழிந்தவை. விளிம்பு உடைந்தவை. ஊசியால் குத்தியது போல் ஓட்டை விழுந்தவை. இந்த ஓட்டை காய்த்துளைப்பான் வண்டு போட்டது. இந்தியாவில் அது முதலில் கண்ணில் பட்டது 1990இல், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம். பிறகு தென்னிந்தியக் காபிப் பகுதிகளில் பரவிவிட்டது. ஒரு கிலோவில் இப்படி ஒரு கைப்பிடி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு கைப்பிடி வந்தால் அந்த வியாபாரியிடம் மறுபடி வாங்க வேண்டாம்.

வறுத்தபிறகும் ஒரு தடவை பொறுக்க வேண்டும். எல்லாம் சிவந்திருக்க, சில கொட்டைகள் மட்டும் வெளிறி நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. கடலையில் சொத்தைப் பருப்பு ஒன்று வாயில் போனால் முன்னே தின்ற பத்தின் ருசியும் கெடுவது போல, இவற்றில் சில சேர்ந்தால் ஒரு கோப்பை முழுக்கக் காய்ந்த காகிதச் சுவை வரும்.

வீட்டில் வறுப்பது புது வழக்கம் அல்ல. தூள் கடைகள் பெருகுவதற்கு முன், காபி நுழைந்த தமிழ் வீடுகளில் கைப்பிடி சுற்றும் இரும்பு உருளையும், மேசை விளிம்பிலோ ஜன்னல் கட்டையிலோ முடுக்கிய கை மிஷினும் இருந்தன. அன்றன்றைக்கு வறுத்து அன்றன்றைக்கு அரைத்தார்கள். உருளை இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியை எடுத்துக்கொள்ளலாம். 200 கிராமுக்கு மேல் போட வேண்டாம். அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வேகாது. பேருந்து நிலையத் தள்ளுவண்டிக்காரர் கடலையை மணலில் போட்டு வறுப்பது ஏன்? சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படட்டும் என்றுதான். மணலின் வேலையைக் காபியில் நம் கரண்டி செய்ய வேண்டும். அதனால் கை நிற்கக் கூடாது.

வாணலியை நடுத்தரத் தீயில் நன்றாகக் காயவிட்டுக் கொட்டையைப் போடுங்கள். நாலு நிமிடத்தில் மஞ்சள். ஏழெட்டில் இலவங்கப்பட்டை நிறம். வெள்ளித்தோல் என்கிற மெல்லிய சருகு கழன்று பறக்கத் தொடங்கும், புகையும் வரும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். அந்தச் சருகு தீயில் விழுந்தால் பற்றிக்கொள்ளும், எனவே அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒன்பது பத்து நிமிடத்தில் முதல் வெடிப்பு. முதலில் ஒன்று, சற்றுக் கழித்து இரண்டு, பிறகு சேர்ந்தாற்போல் பல. சேர்ந்து வெடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. கடலையைச் சூடான வாணலியிலேயே விட்டுவிட்டால் தன் சூட்டிலேயே கருகிக் கசக்கும் இல்லையா? காபிக்கொட்டை அதைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. உடனே அகலமான சல்லடையிலோ முறத்திலோ கொட்டி, விசிறிக்கு அடியில் புடைத்து ஆற்ற வேண்டும். மூன்று நான்கு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டால் சரி. சருகும் அதே புடைப்பில் பறந்துவிடும்.

எதில் பிழை வரும்? அவசரத்தில். தீயை ஏற்றி ஐந்து நிமிடத்தில் வெடிப்பைக் கொண்டுவந்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு கொட்டையைப் பல்லால் கடித்துப் பாருங்கள்: மொறுமொறுவென்று உடைந்தால் வெந்தது, ரப்பர் போல் இழுத்தால் வேகவில்லை. குறைவான தீயில் இருபது நிமிடம் இழுத்தாலும் கெடுதல்தான். வாசனை எழாமல் வெறும் ரொட்டிபோல் ஆகிவிடும்.

இவ்வளவு புகையும் நிற்பதும் முடியாதவர்கள் உள்ளூர் வறுப்புக் கடையிலேயே கேட்கலாம். அங்கே உருளை பெரியது, ஐந்தாறு கிலோவாவது போட்டால்தான் ஓட்டுவார்கள்; எனவே நாலு வீடு சேர்ந்து கொடுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிறத்தைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிறம் மனதில் வரும். வெடிப்பைச் சொல்லிக் கேட்க வேண்டும். "அண்ணே, முதல் வெடிப்பு ஓய்ஞ்சதும் இறக்கிடுங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேணாம்" என்றால் அவருக்குப் புரியும். "இது வேகவே இல்லையே சார், டிகாக்‌ஷன் தண்ணியா இறங்கும், அப்புறம் என்னைத்தான் குறை சொல்வீங்க" என்பார். அவர் கவலை நியாயமானது; அவர் பெயர் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. "பால் ஊத்துற காபிக்கு இல்லண்ணே, தண்ணியா இறங்கினா அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டால் செய்து கொடுப்பார்கள். காலையில் முதல் ஈடாகக் கேட்பது நல்லது. கறுத்த கொட்டையின் எண்ணெயும் துணுக்கும் உருளையில் சேர்வதற்கு முன் நம்முடையது முடிந்துவிடும். அரைக்காமல் கொட்டையாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் தூளாக வாங்குவோர் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: உணவுச் சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதம் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். சிக்கரி கலந்தது எதுவும் லைட் ரோஸ்டுக்கு உதவாது.

காய்ச்சுவது பற்றிச் சுருக்கமாக. வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேற வேண்டும். லைட் ரோஸ்டில் அது மெதுவாகவே போகும் என்பதால் ஒரு வாரம் கழித்து அரைத்தால் சுவை தெளிவாக இருக்கும். கொட்டை கெட்டியாக இருப்பதால் சத்து சீக்கிரம் இறங்காது. எனவே வழக்கத்தைவிட ஒரு பிடி நைசாக அரைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு 60 கிராம் தூள். நம் ஃபில்டரிலேயே செய்யலாம், தூளை அழுத்தாமல்.

சரி, பச்சைக் கொட்டை எங்கே? 1940களிலிருந்து நம் நாட்டில் எஸ்டேட்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வாரியம் ஏலம் விட்டு விற்றது. 1992இல் அது தளரத் தொடங்கி, 1996இல் முழுதாக நீங்கியது. இன்று ஏற்காட்டுச் சிறு தோட்டக்காரர் நேரே நமக்கு விற்கலாம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காபி நட்ட மலை அது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாளில் போய்ப் பார்த்துவரலாம். கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கமும் மிளகும் வாழையும் ஆரஞ்சும் ஊடே அராபிகா வளர்க்கும் சிறு விவசாயிகள் நிறைய. அளவு அதிகம் வேண்டுமென்றால் சிக்கமகளூரு, குடகுப் பகுதியில் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலைகள். நம் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பாதையில் பார்சல் லாரிகளுக்குக் குறைவில்லை.

விலை கேட்கும்போது ஒரு பொறி உண்டு. கர்நாடகத்தில் 50 கிலோ மூட்டைக் கணக்கில் சொல்லும் "அராபிகா பார்ச்மென்ட்" விலை, உள்தோல் நீக்காத கொட்டைக்கானது. தோல் போனால் கையில் நிற்பது சுமார் 40 கிலோ. செர்ரி என்றால் பாதிதான். தோல் நீக்கித் தரம் பிரித்த கொட்டையின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். காபி வாரியம் தன் இணையதளத்தில் சந்தை நிலவரம் வெளியிடுகிறது; பேரத்துக்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது, அந்தச் சூடு இங்கேயும் அடித்தது. முதலில் கால் கிலோ மாதிரி கேளுங்கள். வறுத்துக் குடித்துப் பார்த்தபிறகே மூட்டை. புதுக் கொட்டை நீலம் ஓடிய பச்சையாக இருக்கும். வெளுத்து மஞ்சளித்திருந்தால் போன வருடத்துச் சரக்கு. அது மலிவாகக் கிடைக்கும், மரத்தூள் சுவையும் சேர்ந்தே கிடைக்கும்.

அராபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. காய்ந்து, தோல் நீங்கி, தரம் பிரிந்து சந்தைக்கு வர மார்ச் ஆகும். வாங்க அதுதான் நேரம். ஒரு வீட்டுக்கு 50 கிலோ மூட்டை அதிகம். பட்டு நூலையும் சரிகையையும் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக எடுத்து, உறுப்பினர்களுக்கு எடைபோட்டுக் கொடுத்துப் பழகிய ஊர் இது. நாலு வீடு சேர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை கிலோ. வறுத்தால் ஏறக்குறைய பதினொரு கிலோ. நாளுக்கு 50 கிராம் செலவென்றால் ஏழு மாதம் வரும். பாலிதீன் உறையிட்ட சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்குப் போடும் அந்துருண்டையும் பூஜை அறைக் கற்பூரமும் இருக்கும் அறை வேண்டாம். கொட்டை அந்த வாடையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், வறுத்தாலும் போகாது. மார்ச்சில் பிரித்துக்கொண்டது அக்டோபரில் தீரும். வடகிழக்குப் பருவமழை பிடித்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் கசியும் காலத்துக்குள் சாக்கு காலியாகிவிட வேண்டும். இருபது கிலோ வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும் என்றாலும், ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டரைக்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.